உயிரோடிருப்பவர்களுக்கும் இளைப்பாற்றி



'இளைப்பாற்றி' என்ற சொல்லை நாம் எங்கே அதிகமாக உச்சரிக்கின்றோம்? சேமக்காலையிலும் செத்தவீட்டிலும் அல்லவா? மரித்தவர்களுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள வேண்டுமென்று மன்றாடுகின்றோம். நல்ல மன்றாட்டு. அதை ஒருபோதும் விட்டுவிடலாகாது. ஆனால் அந்தச் சொல்லை மரித்தவர்களுக்கென்றே ஒதுக்கிவைத்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகின்றது. "ஐயோ பாவம், செத்துத்தான் ஆறுதலடைந்தார்" என்று வாய்கூசாமல் சொல்கின்றோமே! உயிரோடு இருக்கும்வரை மனிதனுக்கு ஆறுதல் இல்லை என்பதுதான் நம் விசுவாசமா?

புனித மத்தேயு தமது நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருப்பதைத் திறந்து பாருங்கள். சுமை சுமந்து சோர்ந்துபோனவர்களை இயேசுநாதர் தம்மிடம் அழைக்கின்றார். இளைப்பாற்றி தருவதாக வாக்களிக்கின்றார். அவர் அதைச் சொன்னது கல்லறையருகில் அல்ல. வரி கட்டமுடியாத உழவர்களும், வலையை இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போன மீனவர்களும், பிள்ளையின் நோயைக் கண்டு கலங்கிய தாய்மாரும் கூடிநின்ற கூட்டத்திலே சொன்னார். அந்த வாக்கு உயிரோடிருப்பவர்களுக்கு உரியது. ஆகவே, இன்று இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும் உரியது.

நம் வீடுகளில் சுமைக்குக் குறைவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்றவர்கள், 2004 மார்கழி 26ஆம் நாள் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், 2009இல் பிரிந்த மகன் எங்கே என்று இன்றும் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் நடுவில் உள்ளனர். கடனுக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுபவர்கள், படுக்கையிலிருக்கும் பெற்றோரைத் தனியொருவராகப் பராமரிப்பவர்கள், குடியினால் சீரழிந்த குடும்பத்தை இழுத்துச் செல்லும் பெண்கள், பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போய்விட வெறும் வீட்டில் விளக்கேற்றும் முதியவர்கள் எத்தனை பேர்! இவர்களுக்கு ஆண்டவர் தரும் இளைப்பாற்றி எது? அதை எங்கே, எப்படிப் பெற்றுக்கொள்வது?

பழைய ஏற்பாட்டிலே எலியாஸ் இறைவாக்கினரைப் பாருங்கள். அரசர் முதல் நூலின் 18ஆம், 19ஆம் அதிகாரங்களில் அவருடைய சரித்திரம் இருக்கின்றது. கார்மேல் மலையிலே பாகாலின் 450 பூசாரிகளுக்கு முன் தனியாளாக நின்று ஆண்டவருக்குச் சாட்சி பகர்ந்த வீரர் அவர். அதே எலியாஸ், ஈசபேல் அரசியின் மிரட்டலைக் கேட்டதும் உயிர்தப்ப ஓடுகின்றார். பெயர்செபாவிலே ஊழியனை விட்டுவிட்டு ஒருநாள் தூரம் பாலைவனத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்ற பொருள்பட மன்றாடுகின்றார்.

ஆண்டவர் என்ன செய்தார்? கடிந்துகொண்டாரா? நேற்று அற்புதம் கண்டவன் இன்று அவநம்பிக்கை கொள்ளலாமா என்று பிரசங்கம் செய்தாரா? இல்லை. முதலில் அவரை உறங்கவிட்டார். பிறகு வானதூதரை அனுப்பித் தட்டியெழுப்பி, கல்லில் சுட்ட அப்பத்தையும் ஒரு சாடி தண்ணீரையும் கொடுத்தார். உண்டுவிட்டு எலியாஸ் மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஆண்டவர் கோபிக்கவில்லை. இரண்டாம் முறையும் உணவு வந்தது; போகவேண்டிய வழி நெடியது என்ற சொல்லும் வந்தது. அந்த உணவின் பலத்தால் அவர் நாற்பது நாள் இரவும் பகலும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈசபேல் அழிந்துவிடவில்லை. பாலைவனம் சோலையாகவில்லை. வழியும் குறுகவில்லை. நடப்பதற்கு வேண்டிய பலம் மட்டும் வந்தது. கெத்சமனித் தோட்டத்திலும் அவ்வாறே நடந்தது. துன்பக் கிண்ணம் அகலவேண்டுமென்று ஆண்டவராகிய இயேசுவே மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை, அவரைத் திடப்படுத்த ஒரு வானதூதர் வந்தார் என்று புனித லூக்காஸ் எழுதுகின்றார். சுமையை இறக்கிவைப்பது மட்டுமே இளைப்பாற்றி என்று நாம் எண்ணுவதால்தான், சுமை இறங்காதபோது ஆண்டவர் நம்மைக் கைவிட்டார் என்று மனமுடைகின்றோம். பல வேளைகளில் அவர் தருவது வழிக்கு உணவு.

இந்த உணவை, இந்தத் தண்ணீரை நாம் எப்படி மொண்டுகொள்வது? அதற்கு நம் வளவிலுள்ள கிணறே நல்ல பாடம் புகட்டுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மூன்று பக்கமும் கடல். ஆயினும் தலைமுறை தலைமுறையாக இங்கே மக்கள் குடியிருந்து, தோட்டம் செய்து வாழ்கின்றார்கள். எப்படி? மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அருகேயுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிவீர்கள். கண்ணீரைப் போன்ற உவர்நீர் கீழே அப்படியே இருக்கின்றது. அதன்மேல் ஆண்டவர் மழையால் நன்னீரை நிறுத்திவைத்திருக்கின்றார். துன்பம் முழுவதும் வற்றிய பிறகுதான் ஆறுதல் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. துன்பத்தின் மேலேயே அவருடைய அருள் தங்கிநிற்க முடியும்.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம் முதுமொழி. ஆனால் அளவோடு இறைக்கவேண்டும் என்பதும் நம் கமக்காரருக்குத் தெரியும். துலா மிதித்து இறைத்த காலத்திலே, நீர் கீழே இறங்கினால் சற்று நிறுத்தி ஊறவிட்டு, மறுபடியும் இறைப்பார்கள். இயந்திரம் பூட்டி ஓயாமல் இறைத்த இடங்களிலே உவர் மேலேறிக் கிணறுகள் கெட்டுப்போயின. நம் ஆன்மாவும் அப்படித்தான். ஓய்வே இல்லாமல் குடும்பத்துக்கு இறைத்துக் கொடுத்துக்கொண்டேயிருக்கும் தாயிடமிருந்து ஒருநாள் எரிச்சலும் கசப்பும்தான் வருமென்றால், அது அவருடைய குற்றமல்ல. ஊறுவதற்கு அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. ஞாயிறு பூசைக்கு அவரை அமைதியாகப் போகவிடுங்கள். சமையலையும் சின்னப் பிள்ளைகளையும் அந்த ஒரு மணி நேரம் தகப்பனும் மூத்த பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும். உறங்குவதும் உண்பதும்கூட எலியாசுக்கு ஆண்டவர் தந்த மருந்தென்பதை மறவாதீர்கள்.

"சுவாமி, எனக்குச் செபிக்க மனம் வரவில்லை, கோவிலுக்குள் போனாலும் கல்லாக இருக்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அன்னை தெரேசாவை நினைத்துக்கொள்ளட்டும். அவர் 1997இல் மரித்தார். 2016இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2007இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்களிலிருந்து உலகம் அறிந்துகொண்டது என்ன? கல்கத்தா வீதிகளில் கிடந்தவர்களைத் தூக்கியெடுத்த காலம் முழுவதும், பல பத்து ஆண்டுகளாக, அவர் உள்ளத்திலே இருளையும் வறட்சியையும் அனுபவித்திருக்கின்றார். ஆயினும் நாளும் பூசை கண்டார். நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டார். இனிமையான உணர்ச்சி வந்தால்தான் செபம் என்பதில்லை. கிணற்றின் ஆழத்தில் நீர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாளியை விடுவதுபோல, உணர்ச்சி இல்லாதபோதும் ஆண்டவர்முன் போய் உட்காருவதே விசுவாசம். சொல் வராவிட்டால் சும்மா இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். எலியாசின் முறைப்பாட்டையும் செபமாக ஏற்றவர் உங்களுடையதையும் ஏற்றுக்கொள்வார்.

தனியே மட்டுமல்ல, குடும்பமாகவும் மொண்டுகொள்ளுங்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், கத்தோலிக்க குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோவில்கள் பறிபோயின. பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் ஏழைப் பிச்சைக்காரர் கோலத்தில் வந்திறங்கும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் மேய்ப்பரில்லாத மந்தையாக இருந்தனர். அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு மதித்த இடங்களில் கத்தோலிக்கரை இனங்கண்டுகொண்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் செபமாலையை அடையாளம் கண்டுகொண்டது எப்படி? பீடங்கள் இல்லாமற்போன காலத்திலே வீடுகள் விசுவாசத்தைக் காத்தன. அப்படிக் காத்தவர்களின் பிள்ளைகள் நாம். இன்றோ நமக்குக் கோவிலும் உண்டு, குருவும் உண்டு, பூசையும் உண்டு. ஆனால் அந்திப்பொழுதிலே குடும்பமாகச் சேர்ந்து ஒரு பத்து மணி செபிக்கத்தான் நேரமில்லை! ஐம்பத்துமூன்று மணியும் முடியாவிட்டால் பத்து மணி போதும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நிறுத்திவிட்டு நாளும் தவறாமல் சொல்லிப்பாருங்கள். நாளாந்தம் மொள்ளும் சிறு வாளிதான் வீட்டின் தாகத்தைத் தீர்க்கின்றது.

இன்னுமொன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. எலியாசைப்போல "போதும், செத்தால் நல்லது" என்று சொல்பவர்கள் நம் பங்குகளிலும் இருக்கின்றார்கள். அந்தச் சொல் உங்கள் வீட்டில் எழுந்தால், "இப்படிப் பேசுவது பாவம்" என்று வாயை அடைத்துவிட்டு அப்பால் போகாதீர்கள். அருகில் இருங்கள். உண்ணக் கொடுங்கள். தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கம் ஏதும் இல்லை. உங்கள் பங்குக் குருவையும் கூப்பிடுங்கள். நீங்களே அந்த மனநிலையில் இதை வாசிக்கின்றீர்களென்றால், இன்றைக்கே யாராவது ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். எலியாசின் வழி சூரைச்செடியின் கீழ் முடிந்துவிடவில்லை. ஓரேபிலே, தான் மட்டுமே எஞ்சியிருப்பதாக அவர் முறையிட்டபோது, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டென்று ஆண்டவர் அறிவித்தார். எலிசேயுவைத் துணையாகவும் கொடுத்தார். நீங்களும் தனியாக இல்லை.

இவ்விதமாக ஒருவரை இழந்துவிட்ட குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2282ஆம், 2283ஆம் எண்களில் போதிக்கின்றது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கின்றது. அயலவர் என்ன சொன்னாலும் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கத் தயங்காதீர்கள்.

கடைசியாக, எலியாசுக்கு அப்பத்தைக் கொண்டுவர ஆண்டவர் ஒரு வானதூதரை அனுப்பினார். உங்கள் ஒழுங்கையிலே களைத்துக் கிடப்பவருக்குக் கொண்டுபோக அவர் யாரை அனுப்புவார்? உங்களைத்தான். நோயாளியிருக்கும் வீட்டுக்கு ஒரு நேரச் சோறு, தனித்திருக்கும் கிழவிக்கு அரைமணி நேரப் பேச்சு, கடன்பட்டவனிடம் ஏளனமில்லாத ஒரு முகம், இவை பெரிய காரியங்கள் அல்ல. அப்பமும் தண்ணீரும்கூடப் பெரிய விருந்தல்லவே! அதில்தான் ஒரு இறைவாக்கினர் நாற்பது நாள் நடந்தார்.

இந்த ஞாயிறு பூசைக்குப் போகும்போது உங்கள் சுமையை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போகாதீர்கள். அதையும் சுமந்துகொண்டே போங்கள். பீடத்தின் மேல் வைக்கப்படும் அப்பம் வழிநடப்பவர்களுக்காகவே உடைக்கப்படுகின்றது. அதை உண்டு திரும்பி வரும்போது, வாசலில் இருந்து உங்கள் அயல்வீடு தெரியும். வழியில் அங்கேயும் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.