ஓட்டின் ஓரம்

சென்ற விடுமுறையில் என் தங்கை மகள் கோட்டுச்சேரிக்கு வந்தபோது ஒரு பை நிறையக் காலிச் சிப்பிகளைக் கொண்டு வந்தாள். விலங்கியல் படிக்கிற பெண். பாறையில் நூல் விட்டு ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஜாதிச் சிப்பி. மலையாளத்தில் கல்லும்மக்காய் என்பார்கள். எங்கள் ஊர்க் கடற்கரை வெறும் மணல். இவை குமரிமுனைப் பக்கத்துப் பாறைகளில் எடுத்தவை. திண்ணையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு?" என்றேன்.

"அதைத்தான் மாமா கணக்குப் போட்டுப் பார்க்கப் போறேன்" என்றாள்.

கணக்கு வேடிக்கையானது. ஓட்டின் ஓரத்தை ஓர் எறும்பு சுற்றி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு அடி அது பக்கவாட்டில் எவ்வளவு போயிற்று, மேலும் கீழும் எவ்வளவு போயிற்று என்று குறித்துக்கொண்டால், அந்தக் கோட்டைப் பல நீள்வட்டங்களின் கூட்டாக எழுதிவிடலாம். முதல் நீள்வட்டம் தோராயமான உருவம். அடுத்தடுத்தவை நெளிவு சுளிவுகளைச் சேர்க்கும். மூலக் கணிதம் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரருடையது. வெப்பத்தைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்த 1822இல் எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. 1982இல் கூல், ஜியார்டினா என்ற இருவர் அந்தக் கணிதத்தை மூடிய கோடுகளுக்கு ஏற்றபடி வகுத்தார்கள். 1985இல் ஃபெர்சன், ரோல்ஃப், கோன் ஆகிய மூவர் மரபில் வேறுபட்ட இரு கூட்டத்துச் சிப்பிகளின் வேற்றுமை ஓரக் கோட்டிலேயே தெரிகிறது என்று காட்டினார்கள்.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. ஒப்பிடுவதற்கு முன்பு, சிப்பி பெரிதா சிறிதா என்பதைக் கழித்துவிட வேண்டுமாம். படத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, எறும்பு எங்கிருந்து புறப்பட்டது, இவற்றையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் வடிவம். மனிதர்களாகிய நாமோ இன்னொருவரிடம் முதலில் விசாரிப்பதே இந்த மூன்றையும்தான் அல்லவா?

மிஞ்சிய வடிவத்தையும் முழுக்க நம்பிவிட முடியாது. நெருக்கமான கூட்டத்தில் அக்கம்பக்கம் இடிபட்டு வளர்ந்த சிப்பி ஒடுங்கி நீண்டுவிடும். அந்தக் கோட்டில் பிறப்பும் இருக்கிறது, பிழைத்த பிழைப்பும் இருக்கிறது.

தென்முனைக் கடலோரத்துப் பழுப்பு நிறச் சிப்பியைக் குரியாக்கோஸ், நாயர் இருவரும் 1976இல் புது இனம் என்று கண்டு, 'பெர்னா இண்டிகா' என்று இந்தியப் பெயரே சூட்டினார்கள். 2016இல் கார்ட்னர் என்பவரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் மரபணுவையும் பிற சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, இது தனி இனமே அல்ல, ஓமான் பக்கத்து 'பெர்னா பெர்னா'தான், நூறு ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே வந்து சேர்ந்தது என்றார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குப் பெரியப்பா மகன் ஞாபகம் வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்கலாம் என்று ஏற்பாடு. பெரியப்பா எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அண்ணன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே. சில வருஷங்களுக்கு முன் பூர்வீக வீட்டுப் பங்கு பேச வந்தார். தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசினார். இலையில் எந்தக் கையால் சாப்பிடுவது என்று ஒரு கணம் தயங்கினார். நான் அப்போது கூடத்தில் பெரியவர்களிடம், "அவரு நம்ம ஊர் மனுஷரே இல்லே, அவருகிட்ட என்ன யோசனை கேட்கிறது?" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. நாங்கள் எழுதிவைத்த பங்கை வாங்கிக்கொண்டு, வாய் திறவாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் பங்கு கொஞ்சம் பெரிது.

அளப்பது பாவமல்ல. சிப்பிக்குப் பெயர் வைத்தவர்களும் குற்றவாளிகள் அல்லர். தெரிந்ததை வைத்துச் சொன்னார்கள், திருத்துவதற்கு இடம் விட்டுச் சொன்னார்கள். நாற்பது வருஷம் கழித்துத் திருத்தவும் திருத்தினார்கள். நானோ அண்ணன் யார் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அவர் ஓரத்திலிருந்த நெளிவை மட்டும் எடுத்துப் பெயர் வைத்தேன். அந்தப் பெயரால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. லாபம் இருக்கிற இடத்தில் வைக்கும் பெயரை மனிதன் எளிதில் திருத்துவதில்லை.

தங்கை மகள் சிப்பிகளை எண் ஒட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். கட்டுரை முடிந்துவிட்டது, கடிதம் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறது.