சொட்டுக் கணக்கு

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் எது கஷ்டம் என்று கேட்டால் பலரும் உப்பைக் கண்டுபிடிப்பதைச் சொல்வார்கள். எனக்கு என்னவோ டைட்ரேஷன்தான். உப்புக்கு வழிமுறை புத்தகத்தில் இருக்கிறது, உருப்போட்டுவிடலாம். டைட்ரேஷனுக்குக் கை பழக வேண்டும்.

பியூரெட்டில் பர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், கூடவே நீர்த்த கந்தக அமிலம். 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். வெப்பமானியை யார் தேடுவது, கை பொறுக்கிற சூடு போதும் என்பார் ஆசிரியர். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் மறையாமல் நிற்கும். முடிந்துவிட்டது என்று புதியவர்கள் திருகை மூடிவிடுவார்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனிதான் அந்த வினையையே வேகப்படுத்துகிறது. அது கொஞ்சம் சேர்ந்துவிட்டால் விழுந்த சொட்டு விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். இதை வாயால் சொல்லித் தரலாம். இடது கை திருகைப் பிடிக்க, வலது கை குடுவையைச் சுழற்ற, இரண்டும் ஒன்றையொன்று மறக்காமல் ஓடுவதை அப்படிச் சொல்லித் தர முடியாது. செய்து செய்துதான் வரும்.

வந்த பிறகு ஒரு வம்பு இருக்கிறது. இரண்டு தடவை ஒரே அளவு வந்தால்தான் கணக்குப் போடலாம். முதலில் 18.4 வந்திருந்தால், மறுமுறை 18-ஐத் தாண்டியதுமே கண் இளஞ்சிவப்பைத் தேடும். தேடினால் தெரியவும் செய்யும்! பியூரெட்டின் ஒரு கோடு 0.1 மி.லி.; ஒரு சொட்டு அதில் ஏறக்குறைய பாதி. அரைக் கோட்டுக்குக் கண் வளைந்து கொடுக்காதா? இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றுகிறவன் திருகையே தொடாமல் நோட்டில் எழுதிவிடுவான். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான், வேண்டியதைப் பார்க்கிறான். கை தேறத் தேற இது கூடத்தான் செய்யும். நினைத்த கோட்டில் நிறுத்தத் தேர்ந்த கையால்தானே முடியும்?

எங்கள் ஆசிரியர் மறுமுறை பியூரெட்டைச் சுழியம் வரை நிரப்ப விடமாட்டார். 3.7-ல் ஆரம்பி, குடுவையை மட்டும் பார், நிறம் அரை நிமிடம் நிற்கட்டும், அப்புறம் தலையைத் தூக்கு என்பார். கழித்துப் பார்த்தால்தான் விடை தெரியும். நன்றாகச் செய்கிறவர்களிடம்தான் இந்தக் கெடுபிடி. குடுவையைச் சுழற்றவே தெரியாதவர்களை அவர் கண்டுகொள்ளமாட்டார். அவர்களுக்கு எப்படியும் மூன்று தடவையும் மூன்று அளவுதான் வரும்.