கொழுக்கட்டைப் புல்லுக்கு ஓர் இடம்



நம் ஆலயத்துக்கு முன்னால் இருக்கும் கொரியன் கிராஸ் தரையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். திருமணம் முடிந்ததும் மணமக்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அடிக்கடி வெட்டிவிட்டு, நாள் தவறாமல் நீர் தெளித்து, அதைப் பச்சையாகவே வைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் லாரித் தண்ணீருக்காகத் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும்போதும் தெளிக்கிறோம். யாருடைய கண்ணுக்காக இந்தப் பச்சை? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பூமியின் கதறலையும் ஏழையின் கதறலையும் சேர்த்தே கேட்கச் சொன்னார். இரண்டும் நம் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

அதனால்தான் அந்தத் தரையில் நாள்தோறும் நீர் கேட்காத கொழுக்கட்டைப் புல் விதைக்கலாம் என்று பங்குப் பேரவையில் பேசினோம். “கொரங்காட்டுப் புல்லையா கோவில் முன்னாடி போடுறது, சாமி?” என்று சிலர் கேட்டீர்கள். அன்பு மக்களே, காங்கேயம் மாடுகளை வளர்த்த புல் அது. கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்களுக்கிடையே உங்கள் பாட்டன் பூட்டன் காத்துவைத்த புல். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபோது மக்களைப் பசும்புல்லில் அமரச் செய்தார் என்று மாற்கு எழுதுகிறார். பாஸ்கா நெருங்கியிருந்தது என்கிறார் யோவான். மழைக்காலத்துக்குப் பின் அந்த நிலத்தில் தானாக முளைத்த புல் அது. அந்தப் பந்திக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், உண்மைதான். பார்ப்பவர் பட்டுப்போயிற்று என்பார். ஆனால் தூரில் உயிர் இருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் மறுபடி துளிர்க்கும். நம் குடும்பங்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். குடியில் விழுந்தவர், பங்காளிச் சண்டையில் மனம் கசந்து பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர். அவர்கள் கதை முடிந்தது என்று நாம் தீர்ப்பு எழுதிவிட்டோமா? நம்மைப் பற்றியே அப்படி எழுதிக்கொண்டோமா? கலங்க வேண்டாம். நம் தந்தை வேரை அறிந்தவர். அவருடைய இரக்கத்துக்குக் காலம் கடந்துபோனவர் என்று ஒருவரும் இல்லை.

கொரங்காடு வைத்திருப்பவர்கள் அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு பை புல் விதை கொண்டுவாருங்கள். திருப்பலி முடிந்ததும் சேர்ந்து விதைப்போம். நெடுநாளாக ஆலயம் வராத ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க அன்று விடியற்காலையிலிருந்தே நான் ஆலயத்தில் இருப்பேன்.