கொல்லும் உயிருக்குக் காவல்

ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்குக் கோடியில், குவாதல்கிவிர் நதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் சங்கமமாகும் இடத்தை அடுத்துள்ள டொன்யானா வனப் பிரதேசத்தில், எல் அசெபூச்சே என்னும் இனப்பெருக்க நிலையத்தில், 2005-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி சாலியேகா என்ற பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகளை ஈன்றது. காது நுனியில் கரிய மயிர்க்கொத்தும், கன்னங்களில் தாடி போலத் தொங்கும் ரோமமும், உடலெங்கும் புள்ளிகளும் கொண்ட அந்த ஐபீரியக் காட்டுப்பூனை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாதது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் எடுத்த கணக்கில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. மனிதர் காவலில் அவ்வினம் குட்டி ஈன்றது அதுவே முதல் முறை. சில வாரங்கள் கழிந்தன. உடன்பிறந்த குட்டிகள் ஒன்றோடொன்று மூர்க்கமாகப் பொருது, அவற்றுள் ஒன்று மடிந்தது. பின்னர் வந்த ஈற்றுகளையும் கூர்ந்து கவனித்த பிறகே, ஏறக்குறைய ஆறு ஏழு வாரப் பருவத்தில் இத்தகைய கோபம் மூள்வது இவ்வினத்தின் இயல்பு என்பது தெளிவாயிற்று. அந்தப் பருவம் வந்ததும் இரவும் பகலும் கண்காணித்து, சண்டை எழுந்தால் குறுக்கிட்டு விலக்குவது பராமரிப்போரின் கடமைகளில் ஒன்றாயிற்று.

கொல்லாமையை அறங்களுள் தலையாயதாக மதித்து வளர்ந்த ஒருவனுக்கு இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. பிற உயிரைக் கொன்றே உயிர் தரிக்க வேண்டும் என்ற நியதியோடு பிறந்து, பால்குடி மறவாத பருவத்திலேயே உடன்பிறந்ததன் கழுத்தையும் கவ்வத் துணியும் ஒரு ஜீவனைப் பெருக்குவதற்காகப் பாடுபடுவது தர்மமாகுமா? வளர்ந்த லின்க்ஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு முயல் வேண்டும். ஆகவே ஒரு லின்க்ஸை வாழவைப்பவன், ஆண்டுக்கு முந்நூறுக்குக் குறையாத முயல்களின் மரணத்துக்குத் தன் மனத்தால் சம்மதம் அளித்தவனாகிறான். இதை ஜீவகாருண்யம் என்ற பெயரால் செய்யலாகுமா, அன்றி வேறொரு நியாயத்தைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டுமா?

இயற்கை விஞ்ஞானிகள் இதற்கு ஒரு சமாதானம் கூறுவார்கள். டொன்யானாவில் 1990-களில் நடந்த ஆராய்ச்சியில், லின்க்ஸ் உலவும் இடங்களில் கீரிகள் அருகியும் முயல்கள் மலிந்தும் இருப்பது தெரியவந்தது. முயலைத் தின்னும் கீரியை லின்க்ஸ் விரட்டியும் கொன்றும் விடுவதால், நாள்தோறும் முயலைக் கொல்வதே முயல் குலத்துக்குக் காவலாகவும் அமைந்துவிடுகிறது. படைப்பின் ஒழுங்கை எண்ணி வியக்கவைக்கும் உண்மை இது. ஆயினும் அறத்தின் அஸ்திவாரத்தை இதன்மேல் எழுப்ப எனக்குத் துணிவில்லை. நாளைக்கே வேறோர் ஆராய்ச்சி, லின்க்ஸால் முயலுக்கு யாதொரு நன்மையும் இல்லை என்று நிரூபித்துவிடுமாயின், அன்றோடு அதன் வாழும் உரிமை பறிபோய்விடுமா? பிறர்க்குப் பயன்படுவதனால் மட்டுமே ஓர் உயிருக்கு இடமளிப்பவன், அந்த உயிரை இன்னும் மதிக்கத் தொடங்கவில்லை.

இதே வினாவைப் பாரதக் கதையில் ஒரு பருந்தே எழுப்பியிருக்கிறது. புறாவைத் துரத்தி வந்த அந்தப் பருந்து, அதற்கு அடைக்கலம் அளித்த சிபி மன்னனை நோக்கி, தனக்கென விதிக்கப்பட்ட உணவைத் தடுத்துத் தன்னையும் தன்னை நம்பிய குடும்பத்தையும் பட்டினியால் மடியச் செய்வது எந்த நீதியில் சேரும் என்று கேட்டது. கதை கேட்போர் அனைவரும் புறாவின் பக்கம் நின்று அரசனின் தியாகத்தை எண்ணிக் கண்ணீர் உகுப்பது வழக்கம். நானும் அவ்வாறே கேட்டு வளர்ந்தேன். ஆனால் அரசன் அந்த வாதத்தைப் பொய்யென்று தள்ளவில்லை; வில்லை எடுத்துப் பருந்தை வீழ்த்தவும் இல்லை. அதன் பசி நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டமையாலேயே தராசைக் கொண்டுவரச் செய்து, புறாவைக் காப்பதற்கான விலையைத் தன் தொடையிலிருந்து அரிந்து கொடுத்தான். பருந்து வடிவில் வந்தவன் இந்திரன் என்பது பின்னால்தான் வெளியாகிறது. தேவன் என்று அறியுமுன்னரே, வெறும் பறவை என்று எண்ணிய நிலையிலேயே, கொல்லும் உயிருக்கும் அவன் சபையில் நியாயம் கிடைத்தது. கொல்லாமை என்ற விரதம், கொல்லாமல் வாழ வழியுள்ளவனுக்கே விதிக்கப்பட்டது. அந்த வழி இல்லாத ஜீவனிடம் அதை எதிர்பார்ப்பது, நம்முடைய அறத்தை அதற்குத் தண்டனையாக்குவதாகும்.

ஐபீரியத்தில் சென்ற நூற்றாண்டில் நிகழ்ந்தது சிபியின் செயலுக்கு நேர்விரோதமானது. 1952-இல் பிரான்ஸ் தேசத்தில், அர்மான் தெலீல் என்ற மருத்துவர், தம் பண்ணையில் பெருகிய முயல்களை ஒழிக்கக் கருதி, மிக்ஸோமாடோஸிஸ் என்னும் கொடிய நோயின் கிருமியை ஏற்றிய இரண்டு முயல்களை அங்கே விட்டார். மதிலுக்குள் அடங்கியிருக்கும் என்று அவர் நம்பிய அந்த நோய், சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸின் காட்டு முயல்களில் பெரும்பகுதியை மாய்த்து, பிரனீஸ் மலைக்கு அப்பாலும் பரவிற்று. அடுத்த ஆண்டே, 1953-இல், ஸ்பெயினின் அரசாங்கம் தீங்கிழைக்கும் மிருகங்களை அழிப்பதற்கென்று சபைகளை நிறுவி, நரி, ஓநாய், லின்க்ஸ், வேட்டைப் பறவை ஆகியவற்றைக் கொன்று கொணர்வோர்க்குச் சன்மானம் அளித்தது. சட்டத்தின் பாதுகாப்பு லின்க்ஸுக்குக் கிட்டியது 1973-இல்தான். 1980-களின் இறுதியில் முயல்களை இரண்டாவது கொள்ளைநோய் ஒன்றும் தாக்கியது. இன்று, ஒரு காலத்தில் தொல்லை என்று தூற்றப்பட்ட அந்த ஐரோப்பிய முயலையே, அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் 2019 முதல் சேர்த்திருக்கிறார்கள். புறாவும் பருந்தும் ஒரே கையால் அடிபட்டிருக்கின்றன. இந்நிலையில் லின்க்ஸைக் காப்பது முயலுக்கு இழைக்கும் துரோகமா என்று கேட்பதே பொருந்தாது. இரண்டுக்கும் நாம் கடன்பட்டவர்கள். கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடனைக் கருணை என்று சொல்லிக்கொள்வது, கடன்காரன் தன்னை வள்ளல் என்று அழைத்துக்கொள்வதை ஒக்கும்.

நோயும் துப்பாக்கியும் விட்டுவைத்தவற்றை நிலத்தின் பிளவுகள் வாட்டின. ஒரு காலத்தில் புதர்க்காடாய்த் தொடர்ந்து கிடந்த பூமி, ஒலிவத் தோப்புகளாலும், பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்களாலும், அணைகளாலும், நெடுஞ்சாலைகளாலும் துண்டுபட்டது. 2002-ஆம் ஆண்டளவில், டொன்யானாவில் ஒரு சிறு கூட்டமும் சியர்ரா மொரேனா மலைத்தொடரில் அந்தூஹாரை அடுத்து ஒரு கூட்டமும் மட்டுமே குட்டி ஈன்று வாழ்ந்தன. இரண்டுக்கும் இடையே போக்குவரவு இல்லை. டொன்யானாக் கூட்டம் உறவுக்குள்ளேயே கலந்து நலிந்தது. 2007-இல் பூனைகளைப் பீடிக்கும் இரத்தப் புற்றுநோய்க் கிருமி அதனுள் புகுந்து சிலவற்றைக் கொன்றது. இளம் லின்க்ஸ், வயது வந்ததும் தாயின் எல்லையை விட்டு நீங்கித் தனக்கென ஓர் இடம் தேடி அலைந்தே ஆக வேண்டும். அலையப் புறப்பட்டவற்றில் பல, அல்மோந்தேயிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் சாலை போன்ற இடங்களில் வாகனங்களில் அடிபட்டு மாண்டன. அச்சாலைக்கு அடியில் சுரங்கவழிகளும், மேலே மண் பரப்பிச் செடி வளர்த்த பாலமும் அமைத்தார்கள். மலையிலிருந்து லின்க்ஸ்களைப் பிடித்து, கூண்டில் ஏற்றி, டொன்யானாவில் கொண்டு விட்டார்கள்.

பிறந்த காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட அந்த ஒற்றை விலங்கின் நிலையை எண்ணாமல் இருக்க முடியவில்லை. குலத்தின் இரத்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அது அறிந்ததெல்லாம் பயமும் இருட்டும் அந்நிய வாசனையுமே. இனம் என்பது துன்பத்தை உணர்வதில்லை, துன்பத்தை உணர்வது ஒவ்வொரு தனி உயிருமே. இருந்தும், தனி உயிரை மட்டும் கண்டு இனத்தைக் காணாத கருணை, இனி பிறக்கக்கூடிய எண்ணற்ற உயிர்களின் வாசலை அடைத்துவிடுகிறது. இவ்விரண்டையும் இசைவிக்கும் தத்துவம் எதையும் நான் கண்டதில்லை. பெயர்க்கும் கை மென்மையாக இருக்க வேண்டும், பெயர்க்க வேண்டிய அவசியத்தை உண்டாக்கிய சாலையின்மீது அதைவிடக் கடுமையான கண் இருக்க வேண்டும் என்ற அளவில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கொல்லும் உயிரோடு எவ்வாறு வாழ்வது என்ற வினாவுக்கு, மத்தியதரைக் கடல் நாடுகளின் கிறிஸ்தவ மரபில் வேறொரு மறுமொழி உண்டு. இத்தாலியில் குப்பியோ நகரை நடுங்கவைத்த ஓநாயை அசிசியின் புனித பிரான்சிஸ் அணுகி, சகோதரனே என்றழைத்து, ஊரார் நாள்தோறும் உணவளிப்பதென்றும், ஓநாய் இனி எவரையும் தீண்டுவதில்லை என்றும் உடன்படிக்கை செய்வித்தார். அது வீடு வீடாகச் சென்று உண்டு, இரண்டாண்டுகளுக்குப் பின் முதுமையால் இறந்தபோது ஊரே வருந்தியது என்பது கதை. பகைவனைச் சகோதரன் என்றழைத்த அந்த வாக்கை வணங்குகிறேன். ஆனால் அந்தச் சமாதானத்தில் ஓநாய் தன் ஓநாய்த்தன்மை முழுவதையும் துறந்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூறாகக் குறுகி, பின்னர் சட்டத்தின் காவலால் மீண்டு பெருகிய அபெனைன் மலை ஓநாய்க்கு, ஓநாயாகவே இருந்து வாழக்கூடிய உடன்படிக்கை வேண்டும். அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதில் நாம் கண்ணும் கருத்துமாக இருத்தல் அவசியம். நகரத்தில் அமர்ந்து ஓநாயை நேசிப்பவனுக்கு ஆடு இல்லை. ஆட்டை இழப்பவன் மலைச்சரிவில் பட்டி கட்டி வாழும் இடையன். சிபி தன் தசையைத்தான் அரிந்தான். அயலான் தசையை அரிந்து தராசில் இட்டிருந்தால் அது தானமாகியிராது. காவல் நாய்களுக்கும் வேலிக்கும் இழந்த ஆட்டுக்கும் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுப்பது, இந்த அறத்தின் உயிர்நிலை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. நிலையங்களில் பிறந்த லின்க்ஸைக் காட்டில் விடுமுன், அது தானே வேட்டையாடிப் பிழைக்கக் கற்கும் பொருட்டு, அடைப்புக்குள் உயிருள்ள முயலை விடுகிறார்கள். இங்கே கொல்வது லின்க்ஸ்தான். எனினும் கதவைத் திறப்பது மனிதன் கை. இச்செயலை நான் சரியென்றே கருதுகிறேன். இதைச் செய்யாவிடில் அத்தனை பாடும் வீணாகி, காட்டில் விட்ட விலங்கு பசியால் மடியும். ஆனால் சரியான செயல் என்பதால் அந்த முயலின் அச்சமும் வேதனையும் இல்லாமல் போய்விடவில்லை. நம் சாஸ்திரங்கள் தவிர்க்க இயலாத ஹிம்சைக்கும் பிராயச்சித்தம் வகுத்ததில் ஆழ்ந்த ஞானம் உண்டு; செய்தே தீர வேண்டிய காரியத்தைச் செய்த பின்னரும், மனம் கனத்திருக்க வேண்டும் என்று அவை எதிர்பார்த்தன.

அந்த உழைப்பின் பலன் சிறிதன்று. 2014-இல் போர்ச்சுகலின் மெர்த்தோலாப் பகுதியிலும் லின்க்ஸ் திரும்பக் குடியேற்றப்பட்டது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் தீபகற்பம் முழுவதும் அவற்றின் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2024-இல் அபாயப் பட்டியலில் அது ஒரு படி கீழிறக்கப்பட்டது. ஆனால் இந்த வரலாறு தொடங்கிய டொன்யானாவில் இடர் வேறு உருவில் நிற்கிறது. பெந்தெகொஸ்தே திருநாள்தோறும், வெண்புறா என்று பக்தர்கள் அன்போடு அழைக்கும் ரோசியோ மாதாவின் சந்நிதிக்கு, மாட்டுவண்டிகளோடும் பாடல்களோடும் யாத்திரிகர்கள் அந்த வனத்தின் ஊடாகவே செல்கிறார்கள். அவர்கள் கடந்துபோகும் பிரதேசத்தின் நிலத்தடி நீரை, சுற்றிலுமுள்ள ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் அனுமதியோடும் அனுமதியின்றியும் இறைத்துக்கொண்டிருக்கின்றன. இதைத் தடுக்க ஸ்பெயின் தவறிவிட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில், மத்திய அரசும் அந்தலூசிய அரசும் ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவில், நீரை மிகுதியாக உண்ணும் பயிரைக் கைவிடும் விவசாயிகளுக்கு ஈடு கொடுக்கவும் அவ்வூர்களுக்கு வேறு வருவாய்க்கு வழி காணவும் உடன்பட்டன. அந்தப் பணம் குறைவின்றியும் காலந்தாழாமலும் அந்த உழவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.