புழுதி விதைப்பு

2012 கடைசி. 'பீட்சா' ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் ராத்திரி நண்பன் போன் செய்தான். மல்லாங்கிணற்றில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். நான் இன்ஜினியரிங் முடித்து பெங்களூர் வந்துவிட்டேன். அவன் பி.காம். முடித்து விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வேலைய விட்டுட்டு மெட்ராஸ் போயிரவா? நடிக்கணும்டா."

நான் அவனுக்கு விஜய் சேதுபதியின் கதையைச் சொன்னேன். ராஜபாளையத்தில் பிறந்தவர், நம்ம மாவட்டம். உன்னை மாதிரியே பி.காம். கடையில் விற்பனையாள், சாப்பாட்டுக் கடையில் கேஷியர், டெலிபோன் பூத், சிமெண்ட் வியாபாரத்தில் உதவிக் கணக்கர் என்று பார்க்காத வேலை இல்லை. கூடுதல் சம்பளத்துக்காக துபாய் போனார், அங்கேயும் கணக்கு வேலைதான். 2003-இல் அதை விட்டுத் திரும்பினார். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, நடிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று'.

"அவரும் கணக்குப்புள்ளதான்டா" என்றேன். அது போதுமாக இருந்தது அவனுக்கு. தைக்குள் வேலையை விட்டுவிட்டான்.

ஏழு வருடம் கழித்து ஊர் திரும்பினான். அதற்குள் அவன் அப்பா இரண்டு ஏக்கர் கரிசலை விற்றிருந்தார்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஓவியர் கோகனைப் போல ஒருவன், குடும்பத்தை விட்டுவிட்டு வரையப் போகிறான். அவன் செய்தது சரியா? அவன் பெரிய ஓவியனானால் மட்டுமே அவன் தன் முடிவை நியாயப்படுத்திக்கொள்ள முடியும் என்கிறார் வில்லியம்ஸ். ஆனால் ஆவானா மாட்டானா என்பது கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு செயலின் நியாயம் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. கசப்பான வாதம். ரொம்ப நாள் எனக்கு இது பிடிக்கவே இல்லை.

விஜய் சேதுபதி 2009-இல், 'வெண்ணிலா கபடிக் குழு'வின் சின்ன வேடத்தோடு நிறுத்தியிருந்தால்? கல்யாணமாகி, குழந்தையும் இருந்த மனிதர். 'துபாய் வேலைய உதறிட்டு வந்த பைத்தியக்காரன்' என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அதே மனிதர், அதே உழைப்பு. 'புகழுக்கு முந்தைய வாழ்க்கை' என்கிறோமே, அந்த 'முந்தைய' என்ற சொல் பிற்பாடு ஒட்டப்பட்டது. 'புதுப்பேட்டை'யை நிறுத்தி நிறுத்தி அவரைத் தேடுகிறோம். பக்கத்தில் நிற்பவரை யாரும் தேடுவதில்லை.

என் தொழிலில் இப்படி ஒரு லாக் வைத்திருந்தால் திட்டு விழும். வெற்றியடைந்த கோரிக்கைகளை மட்டும் பதிவு செய்துவிட்டு 'சிஸ்டம் நல்லா ஓடுது' என்று சொல்ல முடியுமா? நான் நண்பனுக்குக் காட்டியது அப்படிப்பட்ட லாக்தான்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை வரும் முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பதைப் புழுதி விதைப்பு என்பார்கள். மழை வந்தால் முளைக்கும்; ஏமாற்றினால் விதை போச்சு. மழை ஏமாற்றிய வருடங்களில் தாத்தா பக்கத்துக் காட்டுக்காரரை முட்டாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நேரத்துக்குத்தான் போட்டான், வானம் கைவிட்ருச்சு" என்பார். வில்லியம்ஸுக்கு எதிராக இதை வைக்கலாம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். ஆனால் தாத்தா தன் விதையைத்தான் தூவினார். நான் அடுத்தவன் விதையை, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, போனில் தூவினேன். அவன் ஜெயித்திருந்தால் 'நான்தான் அனுப்பினேன்' என்று இன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது உறுத்துகிறதே, இந்த உறுத்தல்கூட அவன் தோற்றதால் வந்ததுதான். அங்கே வில்லியம்ஸ் என்னைப் பிடித்துவிடுகிறார்.

போன மாதம் அவனிடம் சொன்னேன். "அன்னைக்கு அந்தக் கதையச் சொல்லிருக்கக் கூடாதுடா."

"நீ சொல்லாட்டியும் போயிருப்பேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அங்க இருந்தப்ப ஒருவாட்டிகூட நீ 'சாப்டியா'ன்னு கேட்டதில்ல மாப்ள" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் இப்போது அவன் கணக்கு பார்க்கிறான். ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், வேலை கிடக்கிறது என்று போனை வைத்தான்.