பாட்டு பலிச்சிடுச்சாமே

2022 மே 29, ஞாயிற்றுக்கிழமை. அப்போது மொஹாலியில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் இருந்தேன். சாயங்காலம் அறைத்தோழனின் போன் விடாமல் அடித்தது. அவன் மான்சா மாவட்டத்துக்காரன், பருத்தி போடுகிற குடும்பம். பேசி முடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். சித்து மூஸேவாலாவைச் சுட்டுவிட்டார்கள் என்பதை நான் ட்விட்டரில்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரி நான் செய்ததை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. 'தி லாஸ்ட் ரைட்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இரண்டு வாரம் முன்புதான் வந்திருந்தது. தலைப்பே கடைசிப் பயணம். அட்டைப் படத்தில் 1996-ல் லாஸ் வேகஸில் டூபாக் சுடப்பட்ட கார். இளவயதுச் சாவைப் பற்றி ஒரு வரி வேறு. மூஸேவாலாவும் ஜவாஹர்கே கிராமத்தில் தன் தார் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் சுடப்பட்டார். வயது 28. "மச்சான், பாட்டு அப்படியே பலிச்சிடுச்சுடா" என்று சென்னை நண்பர்களுக்கு மெசேஜ் தட்டினேன். அதில் துக்கத்தைவிட ஒரு கிளுகிளுப்புதான் அதிகம் இருந்தது.

நமக்கு இது சுலபமாக வருகிறது. நந்திக் கலம்பகத்தைக் கேட்டபடியே நந்திவர்மன் எரிந்து செத்தான் என்று கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அறம் பாடினால் ஆள் போய்விடுவான் என்று நம்பிய மொழி. ஆனால் அந்தக் கதையில்கூட பாடியவன் சாகவில்லை, கேட்டவன்தான் செத்தான். மூஸேவாலா விஷயத்தில் கேட்ட நாங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம்.

'பலிச்சிடுச்சு' என்ற ஒரு சொல் எத்தனை பேரைத் தப்பவிடுகிறது என்று பிறகுதான் யோசித்தேன். கொலைக்கு முந்தைய நாள்தான் பஞ்சாப் அரசு நானூற்றுச் சொச்சம் பேரின் போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது. அவருக்கு இருந்த நான்கு பேர் இரண்டாகிவிட்டார்கள். அன்று அந்த இரண்டு பேரையும், குண்டு துளைக்காத காரையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். கனடாவில் உட்கார்ந்திருந்த ஒரு கும்பல்காரன் 'நாங்கதான்' என்று பொறுப்பேற்றான். இவையெல்லாம் விசாரிக்க வேண்டிய சங்கதிகள். விதி என்று சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது.

2018-ல் இதே மொஹாலியில் பர்மிஷ் வர்மா என்ற பாடகரையும் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அதனால் அவர் பாட்டுக்குள் போய் யாரும் எதையும் தேடவில்லை. 1988-ல் மெஹ்சம்பூரில் மனைவி அமர்ஜோத்தோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்ட சம்கிலா பாடியது கள்ள உறவையும் குடியையும். அங்கே பலித்தது எந்தப் பாட்டாம்?

இதனால் அவர் பாட்டில் துப்பாக்கியே இல்லை, ஏதோ பாவப்பட்ட பிள்ளை என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கி இருந்தது, நிறைய இருந்தது. லூதியானாவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு கனடாவின் ப்ராம்ப்டனுக்குப் போனவர், 2017-ல் 'சோ ஹை' பாட்டில் வெடித்துக் கிளம்பினார். அடுத்த வருஷம் 'பிபிஎக்ஸ் 1' ஆல்பம். வம்பு, வீறாப்பு, டிராக்டர், ஆயுதம், எல்லாம் கனத்த பேஸின் மேல். 2020-ல் போலீஸ்காரர்களோடு நின்று துப்பாக்கி சுடுகிற வீடியோ வெளிவந்து ஆயுதச் சட்டத்தில் வழக்கு விழுந்தது. அடங்குவார் என்று பார்த்தால், அதே சட்டத்தில் தண்டனை பெற்ற சஞ்சய் தத்தோடு தன்னை ஒப்பிட்டு 'சஞ்சு' என்று ஒரு பாட்டு போட்டார். அதற்கும் ஒரு வழக்கு.

இங்கேதான் எனக்குச் சிக்கல். வழக்கு வந்தபோது நாங்கள் ரசிகர்கள் என்ன சொன்னோம்? "வெறும் பாட்டுதானே, இதைப் போய் கேஸ் ஆக்குவாங்களா?" என்றோம். செத்த அன்று ராத்திரி என்ன சொன்னோம்? "வெறும் பாட்டில்லை, தீர்க்கதரிசனம்" என்றோம். உயிரோடு இருக்கும்போது அவர் சொல்லுக்கு எடையே கிடையாது, செத்த பிறகு தெய்வ வாக்கு. இரண்டிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அந்த மனுஷன் பொறுப்பாளி இல்லை என்கிறோம். அவர் வாயை வைத்துவிட்டு ஆளைக் கழற்றிவிடுகிறோம்.

அவரே அப்படி நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. 2019-ல் ஒரு பாட்டில் சீக்கிய வீராங்கனை மாயி பாகோவின் பெயரைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று எதிர்ப்பு வந்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் முதலில் சொன்னது நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். குறி சொல்கிறவனுக்கு அந்தத் தேவை இல்லை, அவன் வாயிலிருந்து வருவது அவன் சொல்லே இல்லையே. துப்பாக்கிப் பாட்டுகளுக்கும் அவர் ஒருநாள் பதில் சொல்லியிருக்கலாம். நாற்பது வயதில் சலித்துப் போயிருக்கலாம். மாறாமல், எரிச்சல் வருகிற மாதிரி அதையே பாடிக்கொண்டும் இருந்திருக்கலாம். மே 29-க்குப் பிறகு அந்த வாய்ப்பு அவருக்கு இல்லை.

அறைத்தோழன் ஒரு வாரம் கழித்துத்தான் பேசினான். என் மெசேஜை அன்று ராத்திரியே தோளுக்கு மேலாகப் பார்த்திருக்கிறான். தமிழ் தெரியாவிட்டாலும் பாட்டின் லிங்க் தெரியுமே. "நீ அவன் செத்ததைத் தேடிக்கிட்டிருந்தே, இல்ல?" என்று இந்தியில் கேட்டான். கோபமாகக்கூட இல்லை. பிறகு அவனாகவே சொன்னான்: "மூஸேவாலான்னா மூசா ஊர்க்காரன்னு அர்த்தம். எங்க பக்கத்துப் பசங்க எல்லாம் கனடா போனா ஊர் பேரை மறைச்சுடுவாங்க. இவன் ஊர் பேரையே பேரா வெச்சுக்கிட்டான், அங்கேயே இருக்காம திரும்பியும் வந்தான்."

பாட்டுகள் நிற்கவில்லை. செத்த அடுத்த மாதமே நதிநீர்ச் சண்டையைப் பற்றிய 'எஸ்ஒய்எல்' வந்தது, அரசு கேட்டுக்கொண்டதால் இந்திய யூடியூபிலிருந்து தூக்கப்பட்டது. பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று. 2025 ஜூன் 11, அவர் பிறந்தநாளில், 'மூஸ் பிரிண்ட்'. எல்லாம் 28 வயதில் நின்றுபோன குரல்.

அன்று காலை தோழனிடமிருந்து அந்த லிங்க் வந்தது. கீழே ஒரே வரி: "கேட்டுப் பாரு, இதுல எதாவது பலிச்சிருக்கான்னு சொல்லு."

ராத்திரி வரைக்கும் நான் பதில் போடவில்லை.