சுவடு மறைந்த ஆயர்

நம் பங்குகளில் பொன்விழா மலர் வெளியிடும்போது, அங்குப் பணியாற்றிய குருக்களின் பட்டியல் தவறாமல் இடம்பெறும். ஒருவர் பெயருக்கு எதிரே கோபுரம், இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம், வேறொருவருக்குக் கெபி. எதுவும் கட்டாதவருக்கு வந்த ஆண்டும் போன ஆண்டும் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் பலனைக் கொண்டு ஒருவருடைய பணியை அளப்பது முறையாகுமா? இந்தியாவின் முதல் இலத்தீன் ஆயரை முன்னிறுத்தி இதனைச் சிந்திப்போம்.

யோர்தானுஸ் கத்தலானி தொமினிக்கன் துறவி. 1321-இல் பிரான்சிஸ்கன் துறவியர் நால்வருடன் கடல்வழியே வந்து, இன்றைய மும்பைக்கு அருகிலுள்ள தாணாவில் இறங்கினார். தோழர்களை அங்கே விட்டு அவர் மட்டும் பரூச் நோக்கிப் புறப்பட்டார். அவர்கள் பிடிபட்ட செய்தி வழியில் எட்டிற்று. திரும்புவதற்குள் நால்வரும் மறைசாட்சிகளாகி இருந்தனர். உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்தார். சில ஆண்டுகளில் ஓதோரிக் என்னும் பிரான்சிஸ்கன் பயணி அவ்வெலும்புகளைத் தோண்டியெடுத்துச் சீனத்திற்குக் கொண்டு சென்றார். தாம் எழுப்பிய கல்லறைகூட அவருக்கு மிஞ்சவில்லை.

பின்னர் இரண்டரை ஆண்டுகள் தனிமை. கடற்கொள்ளையரிடம் அகப்பட்டதையும், சிறைப்பட்டதையும், துறவற அங்கியின்றி வெறும் சட்டையோடு அலைந்ததையும் கடிதத்தில் எழுதுகிறார். இத்தனைக்கும் பிறகு இந்நாட்டைப் பற்றி அவர் இயற்றிய நூலில், ஐந்து பேர் உண்ணப் போதுமான பலாப்பழத்தைக் கண்டு வியக்கிறார். மக்களின் வாய்மையையும் நீதியையும் மெச்சுகிறார். இதைப் படிக்கையில்தான் அம்மனிதர் மீது நமக்கு மதிப்புப் பிறக்கிறது.

1329 ஆகஸ்டில், அவிஞ்ஞோனில் வீற்றிருந்த திருத்தந்தை 22-ஆம் யோவான் கொல்லம் மறைமாவட்டத்தை நிறுவி, அவரை ஆயராக நியமித்தார். அங்குள்ள நஸ்ரானிகளை உரோமையுடன் ஒன்றிக்க அழைக்கும் மடலும் எழுதப்பட்டது. தோமா கிறிஸ்தவர்கள் அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்தவர்கள். ஆகவே ஆயர் வெற்று நிலத்தில் விதைக்க அனுப்பப்படவில்லை. அத்தொன்மையை அவிஞ்ஞோன் எவ்வளவு உணர்ந்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

அதன்பின் ஏடுகள் மௌனமாகின்றன. 1348-இல் கொல்லம் வந்து ஓராண்டுக்கு மேல் தங்கிய மரிஞ்ஞோலி, புனித ஜார்ஜியார் பெயரிலிருந்த இலத்தீன் ஆலயத்தைக் குறிப்பிடுகிறார். யோர்தானுஸின் பெயரைச் சொல்லவில்லை. கொல்லத்தில் மறைமாவட்டம் மீண்டும் அமைந்தது 1886-இல். அதிலிருந்து 1930-இல் நம் கோட்டாறு பிரிந்தது.

கல்லணையில் மதகு திறப்பவர், தலைஞாயிற்றுக் கடைமடையில் நீர் ஏறுவதைக் காண்பதில்லை. யோர்தானுஸும் அப்படியே என்று சொல்லி ஆறுதல் பெறலாம். ஆனால் காவிரிக் கரையில் வாழும் நமக்கு வேறொன்றும் தெரியும். ஆற்றில் நீர் புரண்டாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை காய்ந்தே கிடக்கும். அதற்கு 'இறைவன் சித்தம்' என்று பெயர் சூட்டுவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். கொள்ளைநோயும் பாரசீக வழி அடைபட்டதும் காரணங்களே. எனினும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கொல்லத்து ஆயரின் இருக்கை வெறுமையாய்க் கிடந்ததை, தனித்து நின்ற ஒரு துறவியின் தோல்விக் கணக்கில் எழுதுவது அநீதி. ஒருவர் தம் பங்கைச் செய்தாரா என்பது ஒரு கேள்வி. அவருக்குப் பின் மற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்களா என்பது வேறு கேள்வி. பலனை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்பி, முன்னவர் தலையிலேயே பழியைச் சுமத்துகின்றனர்.

நம் கிளைக் கிராமங்களில், குருவானவர் எப்போதோ ஒருமுறை வந்து போன காலத்தில், செபம் சொல்லிக் கொடுத்து, நோயாளிகளைச் சந்தித்து, இறந்தோரை அடக்கம் செய்து, சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தவர்கள் உபதேசியார்கள். எந்தப் பொன்விழா மலரிலும் அவர்கள் பெயருக்கு எதிரே கோபுரம் இல்லை. பலருக்குப் பெயரே இல்லை. அவர்களிடம் மந்திரம் படித்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த மலருக்குப் பட்டியல் தயாரிப்பவர்கள், காலம் தாழ்த்தாமல் அம்முதியவர்களின் திண்ணைக்குச் சென்று அப்பெயர்களைக் கேட்டு எழுதிக் கொள்ளலாம்.